கூரை கழன்ற கதை

1954 பிப்ரவரியில் நியூயார்க் மோட்டார் கண்காட்சிக்கு வந்தவர்கள் ஒரு காரின் முன்னால் சொக்கி நின்றார்கள். மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்எல். அதன் கதவுகள் பறவைச் சிறகுபோல மேல்நோக்கி விரிந்தன.

அந்த அழகுக்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருந்தது. எடையைக் குறைக்க, மெல்லிய எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த சட்டம் அது. பக்கவாட்டில் அது உயரமாக நின்றதால் சாதாரணக் கதவு பொருந்தவில்லை. உள்ளே போக அகலமான விளிம்பைத் தாண்டவேண்டும். கால் நுழைய வசதியாக ஸ்டீயரிங்கை மடக்கும் ஏற்பாடும் செய்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி கீழே இறங்காது. வெயில் நாளில் உள்ளே அடுப்படிதான். பின்பக்கத்தை ஸ்பேர் டயரும் பெட்ரோல் டேங்கும் அடைத்துக்கொள்ள, பெட்டி படுக்கையை இருக்கைக்குப் பின்னால் செருகவேண்டும்.

விடை 1957 மார்ச்சில் ஜெனீவாவில் வந்தது: திறந்த கூரை ரோட்ஸ்டர்.

பொறியாளர்கள் குழாய்ச் சட்டத்தின் பக்கங்களைத் தாழ்த்தினார்கள். வழக்கமான கதவு வந்தது, கண்ணாடி இறங்கியது. துணிக்கூரை மடிந்து, இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு மூடிக்குள் மறைந்தது. வளைவுகளில் பின்பக்கம் திடீரென வழுக்கும் பழைய தொல்லையைக் குறைக்கப் பின் அச்சையும் மாற்றியமைத்தார்கள். 1961இல் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் கிடைத்தது.

இன்று சேகரிப்பாளர்கள் சிறகுக் கதவுக்காரைத்தான் அதிகம் கொண்டாடுகிறார்கள். ஆனால் அன்று 1957 வரை விற்ற அந்தக் கார்கள் 1,400. 1963இல் உற்பத்தி நிற்கும்வரை வெளிவந்த ரோட்ஸ்டர்கள் 1,858.