கல்லீரல் இரத்த ஓட்ட அளவீடு: எம்.ஆர்.ஐ. முறையின் வரலாறு

கையிலுள்ள சிரை வழியாகச் செலுத்தப்படும் கான்ட்ராஸ்ட் மருந்து கல்லீரலுக்குள் வந்து, பரவி, வெளியேறும் போக்கைச் சில நொடிகளுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. கருவியால் படமெடுத்து, படங்களின் ஒளிர்வு கூடிக் குறைவதிலிருந்து 100 மில்லிலிட்டர் திசுவுக்கு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் இரத்தம் பாய்கிறது என்று கணிக்கும் முறை இது. மூளைக்கோ இதயத் தசைக்கோ தமனி ஒன்றைக் கவனித்தால் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். கல்லீரலுக்கோ பாசன வாய்க்கால்கள் இரண்டு. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் இரத்தத்தைத் திரட்டிவரும் வாயிற்சிரை முக்கால் பங்கையும், இதயத்திலிருந்து நேரே வரும் இரத்தத்தை ஏந்தும் கல்லீரல் தமனி கால் பங்கையும் கொண்டுவர, நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.5 லிட்டர் இரத்தம் இவ்வுறுப்பின் வழியே ஓடுகிறது. எந்த வாய்க்காலில் எவ்வளவு வந்தது என்பதைப் பிரித்தறிவதே இத்துறையின் நெடுநாள் சிக்கல்.

ஓர் உறுப்பு ஒரு பொருளை அகற்றும் வேகத்தையும், அதற்குள் நுழையும் இரத்தத்திலும் வெளியேறும் இரத்தத்திலும் அப்பொருளின் செறிவு எவ்வளவு வேறுபடுகிறது என்பதையும் அறிந்தால் இரத்த ஓட்டத்தைக் கணக்கிடலாம் என்று அடால்ஃப் ஃபிக் 1870இல் வகுத்த விதியே முதல் அடித்தளம். அதை மனிதக் கல்லீரலுக்குப் பொருத்திக் காட்டியவர்கள் ஸ்டான்லி பிராட்லியும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆவர். 1945இல் வெளியான அவர்களது முறையில், கல்லீரல் மட்டுமே பெரும்பாலும் அகற்றும் புரோம்சல்ஃப்தலீன் என்ற சாயம் சீரான வேகத்தில் செலுத்தப்பட்டது. மெல்லிய குழாய் ஒன்று சிரை வழியே இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து கல்லீரல் சிரைவரை கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து இரத்தம் எடுக்கப்பட்டது. பின்னர் அச்சாயத்தின் இடத்தை இண்டோசயனின் பச்சை பிடித்தது. லண்டனில் ஷீலா ஷெர்லாக்கின் குழு 1961இல் அதைக் கொண்டு அளவிட்டது. இரு சாயங்களும் மொத்த ஓட்டத்தை மட்டுமே தந்தன. அதோடு, நோயுற்ற கல்லீரலை அளப்பதற்கு அதன் செல்கள் சாயத்தை நன்கு உறிஞ்சியாக வேண்டும் என்ற முரணும் இருந்தது.

பங்கு பிரிப்பது வெறும் கணக்குக்காக அன்று. வாயிற்சிரையின் ஓட்டம் குறையும்போது தமனி விரிந்து தன் ஓட்டத்தைக் கூட்டிக்கொள்வதை வேய்ன் லாட் என்ற கனடிய உடலியலாளர் 1980களில் விரிவாக விளக்கினார். கல்லீரல் இறுகித் தழும்பேறும் சிரோசிஸ் நோயில் வாயிற்சிரையின் பங்கு சரிந்து தமனியின் பங்கு ஏறுகிறது. கல்லீரல் புற்றுக்கட்டிகளும் பெரும்பாலும் தமனி இரத்தத்தையே உண்டு வளர்கின்றன. ஆகவே மொத்த ஓட்டம் அதிகம் மாறாதபோதும் விகிதம் நோயைக் காட்டிக்கொடுக்கக்கூடும்.

பால் லாட்டர்பர் 1973இல் காந்த ஒத்ததிர்வைக் கொண்டு முதல் படங்களை வெளியிட்டபின், இம்முறைக்கு ஏற்ற கான்ட்ராஸ்ட் மருந்தைத் தேடும் முயற்சிகள் தொடங்கின. இணையற்ற ஏழு எலக்ட்ரான்களைக் கொண்ட கடோலினியம், அருகிலுள்ள நீர் மூலக்கூறுகளின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் பழைய நிலைக்கு மீளும் நேரத்தைக் குறைப்பதால் படம் பிரகாசமாகிறது. தனித்த கடோலினியம் நஞ்சு என்பதால், பெர்லினிலிருந்த ஷேரிங் நிறுவனத்தில் ஹான்ஸ்-யோவாகிம் வைன்மனும் பிறரும் அதை ஒரு கரிமச் சேர்மத்துக்குள் இறுகப் பிணைத்து உருவாக்கிய மருந்து, மேக்னவிஸ்ட் என்ற பெயரில் 1988இல் சந்தைக்கு வந்தது. கல்லீரலின் நுண்குழாய்ச் சுவர்களில் சல்லடைபோல் துளைகள் இருப்பதால், இச்சிறு மூலக்கூறு இரத்தத்திலிருந்து செல்களுக்கு வெளியேயுள்ள இடைவெளிக்குத் தடையின்றிக் கசிகிறது. எனவே இரத்தத்தையும் அவ்விடைவெளியையும் சேர்த்து ஒரே அறையாகக் கொண்டு கணக்கிடலாம். சிரோசிஸில் துளைகள் அடைபடும்போது இந்த எளிமை குலைகிறது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

இரு வாயில், ஓர் அறை என்ற இக்கணக்கை பெல்ஜியத்தைச் சேர்ந்த மாட்டர்ன், வான் பியர்ஸ் ஆகியோரின் குழு முதலில் சி.டி. படங்களிலும், 2002இல் முயல்களின் எம்.ஆர்.ஐ. படங்களிலும் சோதித்தது. மகாதமனியில் ஒரு சிறு வட்டம், வாயிற்சிரையில் ஒன்று, கல்லீரலில் ஒன்று எனப் படத்தின்மேல் குறித்து, மூன்றிலும் ஒளிர்வு காலத்தோடு மாறும் வளைகோடுகள் வரையப்படுகின்றன. மருந்து மகாதமனியை முதலில் எட்டுகிறது. குடலைச் சுற்றிவர வேண்டியிருப்பதால் வாயிற்சிரையை அடையச் சில நொடிகள் கூடுதலாகின்றன. கல்லீரலின் வளைகோட்டை இவ்விரண்டின் எந்தக் கலவை சரியாக மீட்டுத் தருகிறதோ அதுவே விகிதம். பங்கு பிரிக்கும் வேலையை அந்தத் தாமதம்தான் செய்கிறது.

நடைமுறையில் இடறுவது மூச்சு. உதரவிதானத்தை ஒட்டியுள்ள கல்லீரல் ஒவ்வொரு மூச்சுக்கும் ஓரிரு சென்டிமீட்டர் ஏறி இறங்குவதால், குறித்த வட்டம் அடுத்த படத்தில் கட்டியைவிட்டு விலகி நிற்கும். சிதறிய கோணங்களில் தரவு திரட்டி, நோயாளி இயல்பாக மூச்சுவிடும்போதே படத்தை மீட்டமைக்கும் கிராஸ்ப் என்ற முறை நியூயார்க்கில் உருவாகி 2014இல் வெளியானது இதற்கு ஒரு விடை. ஒளிர்வு செறிவுக்கு நேர்விகிதத்தில் ஏறாது என்பது அடுத்த தொல்லை. மகாதமனியில் மருந்து உச்சத்தில் இருக்கும் கணத்தில்தான் பிழை மிகுதி.

கல்லீரல் செல்களே உறிஞ்சிக்கொள்ளும் கடோக்ஸெடிக் அமிலம் என்ற கடோலினிய மருந்து வந்தபின், இரத்த ஓட்டத்தையும் செல்களின் செயல்திறனையும் ஒரே பரிசோதனையில் அளக்கும் வழியை ஸ்டீவன் சூர்ப்ரான் முதலியோர் 2012இல் காட்டினர். பிராட்லியின் சாயம் தோற்ற இடத்தில் இது தேறுகிறது: உறிஞ்சும் திறன் இங்கு முன்னூகம் அன்று, அளக்கப்படும் பொருளாகிறது. மேக்னவிஸ்ட்டுக்கோ முடிவு வேறாயிற்று. சிறுநீரகம் செயலிழந்தோரின் தோலும் திசுக்களும் இறுகும் நோயோடு கடோலினிய மருந்துகளுக்குள்ள தொடர்பு 2006இல் வெளிப்பட்டது. இம்மருந்துகளின் கடோலினியம் மூளையில் படிவதாகவும் பின்னர் தெரியவந்ததால், ஐரோப்பிய மருந்து முகமை 2017இல் மேக்னவிஸ்ட்டைச் சிரை வழியே செலுத்துவதை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. கடோக்ஸெடிக் அமிலத்தைக் கல்லீரலுக்கு மட்டும் விட்டுவைத்தது.

அன்றாட மருத்துவத்தில் கதிரியல் வல்லுநர்கள் இன்றும் எண்களைவிடத் தமனிக்கட்டம், வாயிற்சிரைக்கட்டம், தாமதக்கட்டம் ஆகிய படங்களைக் கண்ணால் பார்த்தே முடிவுக்கு வருகின்றனர். ஒரே நோயாளிக்கு வெவ்வேறு கணித மாதிரிகள் வெவ்வேறு விடை தரும்வரை அதைக் குறைசொல்ல இயலாது. எண்களைச் சரிபார்க்க, மருந்தே இல்லாமல் நாளங்களின் ஓட்டத்தை அளக்கும் கட்ட வேறுபாட்டு எம்.ஆர்.ஐ. துணைக்கு வந்துள்ளது. லண்டன் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட முறையில், கல்லீரல் சிரைகள் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் கீழ்ப்பெருஞ்சிரையின் ஓட்டம் அளக்கப்படுகிறது. மேலதிலிருந்து கீழதைக் கழித்தால் கல்லீரலின் மொத்த ஓட்டமும், அதிலிருந்து வாயிற்சிரையின் ஓட்டத்தைக் கழித்தால் தமனியின் பங்கும் கிடைக்கின்றன.