சீனியை அளந்த கதை

கனகராயன்குளத்தில எங்கட அம்மம்மாவின்ர கையில ஒரு சின்ன வட்டச் சென்சர் ஒட்டியிருக்கு. கனடாவில இருந்து மாமா அனுப்பினது. போன மாதம் ஒருநாள் சாமத்தில போன் கத்திச்சுது: 54. சீனித்தண்ணி கரைச்சுக்கொண்டு ஓடினால், அம்மம்மா அந்தக் கைப்பக்கம் சரிஞ்சு நல்ல நித்திரை. எழுப்பி விரலில குத்திப் பார்த்தம்: 131. அப்ப சென்சர் பொய் சொல்லிச்சுதா?

சலரோகக்காரரின் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பழைய ஆயுர்வேத வைத்தியர்கள் கவனித்திருந்தார்கள். அந்த இனிப்பு சீனிதான் என்று 1776இல் மத்தியூ டொப்சன் காட்டினார். ஆனால் இரத்தத்தில் சீனி நன்றாக ஏறிய பிறகுதான் சிறுநீரில் தெரியும். குறைந்தால் தெரியவே தெரியாது. 1962இல் லீலண்ட் கிளார்க், நொதியம் சேர்த்த மின்வாயால் குளுக்கோசை அளக்கும் வழியை முன்வைத்தார். இன்றைய சென்சர்களின் வேர் அதுதான்.

உடலில் அணியும் முதல் தொடர் அளவீட்டுக் கருவியான மினிமெட்டுக்கு அமெரிக்கா 1999இல் அனுமதி கொடுத்தது. அணிந்தவருக்கு எண் தெரியாது. மூன்று நாளுக்குப் பிறகு டொக்டர்தான் பார்ப்பார். அதே வருசம் ஏ9 பாதை மூடிக்கிடந்தது. வன்னிக்குள் மருந்து வாறதே கஷ்டம். 2001இல் குளுக்கோவொச் என்ற கைக்கடிகாரம் அனுமதி பெற்றது. வியர்த்தால் அது அளவைத் தவறவிடும். எங்கட வெயிலுக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ! விரலில் குத்திச் சரிபார்க்காமல், சென்சர் எண்ணை வைத்தே இன்சுலின் அளவைத் தீர்மானிக்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2016 டிசம்பரில்தான், டெக்ஸ்கொம் ஜி5க்கு.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கு. சென்சர் இரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்குக் கீழே கலங்களுக்கு இடையிலுள்ள நீரை அளக்கிறது. இரத்தத்தில் நடக்கும் மாற்றம் அங்கே வர 5 முதல் 15 நிமிடம் பிந்தும். சென்சர் மேல் அழுத்திப் படுத்தால் எண் பொய்யாக இறங்கும். அம்மம்மாவுக்கு நடந்தது அதுதான்.

அதுக்காகக் கழற்றி எறிய வேணாம். சீனி ஏறுதா இறங்குதா எண்டு விரல்குத்து காட்டாததை அது காட்டும். ஆனா எண்ணும் உடம்பும் ஒத்துவராட்டி விரலில குத்திப் பாருங்கோ. தோலைக் குத்தாமலே சீனி அளக்கிறதாச் சொல்லும் கைக்கடிகாரம், மோதிரங்களை நம்பவேண்டாம் எண்டு 2024 பெப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே எச்சரித்தது.

அம்மம்மா இப்ப மற்றக் கைப்பக்கம் சரிஞ்சு படுக்கிறா. குளுக்கோமீற்றர் தலைமாட்டிலேயே இருக்கு.