பனையேறியின் உள்ளங்கால்

தாமிரபரணிப் பாசனத்தை மட்டும் பார்த்தவர்களுக்குத் திருநெல்வேலி என்றால் நெல்லும் வாழையும்தான். மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளின் கால்வாய்கள் எட்டுகிற தூரம்வரை அது சரி. கால்வாய் முடிகிற இடத்தில் வேறொரு சீமை தொடங்குகிறது. சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளை, இடையன்குடி என்று தெற்கே போகப் போக மண் சிவக்கும். காற்றுக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கும் அந்தச் செம்மணல் மேடுகளுக்குத் தேரி என்று பெயர். அங்கே பல தலைமுறைகளுக்கு ஏரைவிடப் பனைதான் சோறு போட்டது.

பனை சும்மா சோறு போடாது. பதநீர் வடிய, பாளையின் நுனியைக் காலையும் மாலையும் மெல்லிய சீவலாகச் சீவிவிட வேண்டும். ஒரு நாள் விட்டாலும் பாளை காய்ந்துபோகும். மாசி, பங்குனியில் தொடங்கினால் ஆடிவரை பனையேறிக்கு ஓய்வு கிடையாது. இந்தத் தொழிலைச் செய்த நாடார்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஹார்ட்கிரேவ், ஒரு பனையேறி நாளொன்றுக்கு 30 முதல் 50 மரம் வரை, இரண்டு தடவையும் சில சமயம் மூன்று தடவையும் ஏறியதாகக் கணக்குச் சொல்கிறார். மரத்துக்கு 50 அடி, 40 மரம், மூன்று வேளை என்று வைத்துக்கொண்டால் 6,000 அடி ஆகிறது. பொதிகையின் அகத்தியர் மலை உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய அதே உயரம். கடற்கரையில் தொடங்கி அகத்தியரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதைப் போன்ற வேலையை, துண்டு துண்டாக, மூன்று வேளை ஏறிய நாளெல்லாம் செய்தார்கள். இறங்கும்போது ஒரு தடவைகூடக் கால் தவறக் கூடாது என்பது கூடுதல் நிபந்தனை.

இதைத் துணிச்சல் என்று சொல்லிப் பாராட்டுகிறவர்கள் உண்டு. பாராட்டுத்தான், ஆனால் பாதி உண்மை. துணிச்சல் முதல் மரத்துக்குப் போதும். நாற்பதாவது மரத்தில் மனிதனைக் கீழே விழாமல் பிடித்து நிறுத்துவது கண், காது, தோல், தசை எல்லாம் சேர்ந்து ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் தகவல். அந்தத் தகவலைப் படிக்கத் தெரிந்தவன்தான் பனையேறி.

ஏறுகிற முறை எளிமையானது போலத் தெரியும். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து வைத்து, அதில் கால் வைத்து, கை எட்டுகிற இடத்தில் மரத்தைக் கட்டிப் பிடிக்க வேண்டும். இரண்டு பாதங்களையும் தளைநார் சேர்த்து வைத்திருக்கும். கைகள் மேலே போய்ப் பற்றும். நெஞ்சு மரத்தோடு ஒட்டும். பிறகு இரண்டு பாதமும் ஒன்றாக எம்பி மேலே வந்து, மட்டை உதிர்ந்த தழும்புகள் ஓடும் சொரசொரப்பில் உள்ளங்கால் பதியும். மறுபடி கை. இடுப்பில் அரிவாள்பெட்டி, அதற்குள் பாளை அரிவாள், கடிப்பு, சுண்ணாம்பு. முன்கையிலும் நெஞ்சிலும் காய்ப்புக் காய்த்த தோலைப் பார்த்தே ஆளின் தொழிலைச் சொல்லிவிடலாம்.

கிறிஸ்தவப் பாதிரியார் ராபர்ட் கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். பனையேறிகள் நடுவில் வாழ்ந்து அவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதி 1849இல் சென்னையில் வெளியிட்டார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் பெர்லினில் மோரிட்ஸ் ரோம்பெர்க் என்ற மருத்துவர் நரம்பு நோய்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதி முடித்துக்கொண்டிருந்தார். சில நோயாளிகள் கண் திறந்திருக்கும்வரை நேராக நிற்கிறார்கள், கண்ணை மூடியதும் தள்ளாடி விழப் பார்க்கிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். அவர்கள் பாதமும் மூட்டும் மூளைக்கு அனுப்ப வேண்டிய சேதி தண்டுவடத்திலேயே அறுந்துபோயிருந்தது. அந்தக் குறையைக் கண் ஈடுகட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் முன்பே, 1820களில், பாரிஸில் பியர் ஃப்ளூரான்ஸ் புறாக்களின் உட்காதில் உள்ள அரைவட்டக் குழல்களை வெட்டிப் பார்த்தார். புறாக்களுக்குச் செவி கேட்டது. ஆனால் தலை சுழன்றது, நிலை கொள்ள முடியவில்லை. காது கேட்பதற்கு மட்டும் அல்ல என்பது அப்போதுதான் ஐரோப்பாவுக்குப் பிடிபட ஆரம்பித்தது. உட்காது, கண், உடம்பின் தொடுவுணர்வு ஆகிய மூன்றின் கூட்டுக் கணக்கில்தான் மனிதன் நிற்கிறான் என்ற முடிவு அந்த நூற்றாண்டில் மெல்ல உருவானது. கால்டுவெல் ஜன்னலைத் திறந்து பார்த்தால் அந்தக் கணக்கைப் பிழையில்லாமல் போடுகிறவர்கள் தினமும் தென்பட்டிருப்பார்கள். அவர் எழுதியது அவர்கள் தெய்வங்களையும் ஒழுக்கத்தையும் பற்றி. பாதிரியார் வேறு எதை எழுதுவார்?

கண்ணிலிருந்து தொடங்கலாம். உயரத்தில் நின்றால் ஏன் தலை சுற்றுகிறது என்பதற்கு 1980இல் ஜெர்மனியின் தாமஸ் பிராண்ட்டும் அவர் குழுவினரும் ஒரு விளக்கம் தந்தார்கள். அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும்போதும் உடம்பு இலேசாக ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. பக்கத்தில் சுவரோ மரமோ இருந்தால், அந்தச் சிறு ஆட்டம் கண்ணில் பளிச்சென்று தெரியும். உடம்பு உடனே திருத்திக்கொள்ளும். பார்க்கும் பொருள் தூரத்தில் இருந்தால் அதே ஆட்டம் கண்ணில் பதியவே பதியாது. காதும் காலும் ஆடுகிறாய் என்கின்றன, கண் இல்லை என்கிறது. அங்கேதான் மயக்கம் பிறக்கிறது. சுமார் 3 மீட்டரில் தொடங்கி 20 மீட்டரில் இது உச்சத்தை எட்டிவிடும். வளர்ந்த பனையின் உயரம் பெரும்பாலும் இதற்குள்தான்.

அப்படியானால் பனையேறிக்கு ஏன் சுற்றவில்லை? ஒரு காரணம் அவன் மூக்குக்கு முன்னாலேயே இருக்கிறது. மொட்டை மாடி விளிம்பில் நிற்கிறவனுக்குக் கண் முன்னே வெட்டவெளி. ஏறுகிறவனுக்கு ஒரு சாண் தூரத்தில் கறுத்த மரம், அதில் வரிவரியாகத் தழும்பு. கண்ணுக்கு இதைவிட நல்ல பிடிமானம் கிடைக்காது. ஏறும்போது கீழே பார்க்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்வது பயத்தை மறைக்க மட்டும் அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. கண்ணை மரத்தில் வைத்தால் கண் வேலை செய்யும். தரையில் வைத்தால் அது உதவாத சாட்சி.

ஆனால் கண்ணையே நம்பி இந்தத் தொழில் நடந்ததில்லை. முதல் ஏற்றம் விடியுமுன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பதநீர் புளிக்கும். நட்சத்திர வெளிச்சத்தில் மரத்தின் வரி தெரியாது. அங்கே உள்ளங்காலும் முன்கையும் நெஞ்சும்தான் பார்க்கும். எந்த மரத்தில் எந்த உயரத்தில் மேடு, எங்கே வழுக்கல் என்பது ஆண்டாண்டாக ஏறிய காலுக்கு மனப்பாடம். ராத்திரி மழையோ பனியோ இறங்கியிருந்தால் முதல் பிடியிலேயே தோல் சொல்லிவிடும். மழைநாளில் பனையேறிகள் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவதற்குச் சோம்பல் காரணம் அல்ல.

காய்த்துத் தடித்த காலுக்கு உணர்வு மழுங்கிவிடாதா என்று செருப்புப் போட்டவர்கள் கேட்கலாம். 2019இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று இதற்குப் பதில் சொன்னது. கென்யாவில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்களையும் செருப்பு, காலணி அணிந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். வெறுங்கால்காரர்களின் தோல் தடித்திருந்தது, உணர்வு குறையவில்லை. காய்ப்பு விறைப்பாக இருப்பதால் தரையின் அதிர்வை உள்ளே கடத்திவிடுகிறது. கணுக்கால் விஷயத்திலும் இப்படி ஒன்று உண்டு. உகாண்டாவின் டுவா மக்களும் பிலிப்பைன்ஸின் அக்டா மக்களும் தேனுக்காக உயர்ந்த மரங்களில் ஏறுகிறவர்கள். ஏறும்போது அவர்கள் பாதம் முழங்காலை நோக்கி வளையும் அளவு, நம்மைப் போன்றவர்களுக்கு முயன்றால் தசை கிழியும் அளவு. 2013இல் வெளியான ஆய்வின்படி அவர்கள் கெண்டைக்கால் தசை இழைகள், ஏறிப் பழக்கமில்லாத பக்கத்துச் சமூகத்தாரைவிட நீளமாக இருந்தன. தேரிக்காட்டில் அப்படி யாரும் அளந்து பார்த்ததாகப் பேச்சில்லை. அளந்தால் என்ன கிடைக்கும் என்று ஊகிப்பது கடினமும் இல்லை.

மரத்தின் உச்சியில் வேறு கணக்கு. ஏறுகிறவரை கை மரத்துக்கு. மேலே போனதும் கை பாளைக்கு. கருக்கு மட்டைகளுக்கு நடுவே தொடையையும் காலையும் கொடுத்து உட்கார்ந்து, ஆண்பனை என்றால் கடிப்பால் பாளையை இதமாக நசுக்கி, அரிவாளால் காகிதக் கனத்துக்குச் சீவி, கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவி மாட்ட வேண்டும். இரண்டு கையும் வேலையில் இருக்கும். அப்போது தோளில் உரசும் ஒரு மட்டைகூடச் சும்மா இல்லை. 1994இல் அமெரிக்காவில் ஜான் ஜெகாவும் ஜேம்ஸ் லாக்னரும் செய்த சோதனையில், விரல்நுனி ஒரு கம்பியை இலேசாகத் தொட்டாலே போதும், உடம்பின் ஆட்டம் வெகுவாகக் குறைந்தது. தாங்கிப் பிடிக்கிற அளவு அழுத்தம் அல்ல. 100 கிராம் எடைக்கும் குறைவான தொடுகை. எங்கே இருக்கிறோம் என்ற தகவல்தான் அங்கே கைத்தடி.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று வீசும்போது மரமே ஆடும். கண்முன் மரம் அசையாத மாதிரித் தெரிய, உட்காது மட்டும் ஆட்டத்தைச் சொல்லும். கப்பலுக்குள் கண்ணைத் தாழ்த்திப் புத்தகம் படிக்கிறவனுக்குக் குமட்டும் அதே முரண்பாடு. பழகியவர்கள் காற்றை எதிர்க்காமல் மரத்தோடு சேர்ந்து ஆடி, வீச்சு ஓய்கிற இடைவெளியில் அரிவாளை எடுக்கிறார்கள். இறங்குவது இன்னும் சிக்கல். ஏறும்போது காலியாக இருந்த குடுவை, இறங்கும்போது பதநீரோடு இடுப்பில் தளும்பும். உடம்பின் எடை நடுவம் ஒவ்வொரு மரத்திலும் வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும்.

இதே சீமையின் கோயில் கொடைகளில் நையாண்டி மேளத்துக்குக் கரகம் ஆடுகிறவர்கள், அரிசி நிரப்பிய செம்பைத் தலையில் வைத்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்து சுழல்வதைப் பார்த்து ஊர் கைதட்டும். அது கலை, ரொம்ப நியாயம். பனையேறிக்கு யாரும் தட்டவில்லை. அவன் திறமையைச் சமூகம் அவனுக்கு எதிராகவே திருப்பியது.

மரமேறுவதும் கள்ளிறக்குவதும் தீண்டத்தகாத தொழில் என்று சொல்லித்தான் கோயில் வாசலை மூடினார்கள். கமுதிக் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. அந்த வழக்கில் காலங்காலமாகச் செய்த பனைத்தொழிலே அவர்களுக்கு எதிரான சான்றாக வைக்கப்பட்டது. கால்டுவெல்லின் நூலும் பின்னாளில் அச்சமூகத்தாரின் கடுமையான எதிர்ப்பைச் சந்தித்தது. 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அரசு நாடார் என்ற பெயரை ஏற்றபோது, வணிகத்திலும் கல்வியிலும் மேலேறியிருந்த பலர் மரத்தைவிட்டு எப்போதோ இறங்கியிருந்தார்கள். பெருமையோடு விட்டுவர வேண்டிய தொழிலை, மறக்க வேண்டிய தொழிலாக ஆக்கிவைத்த பெருமை பிறரைச் சேரும்.

இறங்காதவர்களுக்குப் புதுத் தொல்லை. 1948இல் மதுவிலக்கு சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. கலயத்தில் சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லையென்றால் கள். இந்த வித்தியாசத்தைச் சோதிக்கிற அதிகாரம் மரத்தடியில் நிற்கும் காவலருக்கு. தென்னைக்கு வந்த ஏறும் கருவிகளும் பனையில் எளிதாக ஒத்துப்போகவில்லை; அடி பெருத்து நடு சிறுத்து, சொரசொரத்த மரம் அது. கருவியை மாட்டிக் கழற்றும் நேரத்தில் பழைய பனையேறி அடுத்த மரத்தில் பாதி ஏறியிருப்பார். விடிலி என்ற குடிசையில் பெண்கள் பதநீர் காய்ச்சி எடுக்கும் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. விலையும் ஏறியிருக்கிறது. ஏறுகிற ஆட்கள்தான் குறைந்துகொண்டே போகிறார்கள். விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களின் வீடுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது.

2021இல் தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கை 76 லட்சம் பனை விதைகள் விதைக்கப்படும் என்று அறிவித்தது. விதை முளைத்துப் பாளை தள்ளக் குறைந்தது 12 முதல் 15 ஆண்டு ஆகும். அதாவது 2030களின் நடுவில்தான் அந்த மரங்கள் பதநீர் தரத் தொடங்கும். அதற்கு முன்பு அவை ஆளுயரத்துக்குச் சற்று மேலான வடலிகளாகச் சில காலம் நிற்கும். தேரிக்காட்டுப் பையன்கள் தகப்பனோடு போய் ஏறப் பழகியது எப்போதும் அந்த உயரத்து மரங்களில்தான்.