கிறிஸ்தவத் திருமணமும் மணமுறிவும் (தேனி, கம்பம் பள்ளத்தாக்கு)

தேனி மாவட்டத்துச் சீர்திருத்த, சுவிசேஷ சபையினரின் மணவாழ்வை வேதபோதனையும் 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும், 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டமும் சேர்ந்து நெறிப்படுத்துகின்றன. 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷனின் வழிவந்த சபைகள் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தில் உள்ளன. அவற்றின் ஆயர்கள் பேராயரால் குருப்பட்டம் பெற்றவர்கள் என்பதால் மணம் நடத்தத் தனி உரிமம் தேவையில்லை. சுயாதீனப் பெந்தெகொஸ்தே போதகருக்கு அது தேவை. உரிமமற்றவர் நடத்திய மணத்தின் சட்டத்தகுதி கேள்விக்குள்ளாகும்.

திருமணம் வாழ்நாள் உடன்படிக்கை என்பதே போதனை. மத்தேயு 19:9, 1 கொரிந்தியர் 7:15 ஆகியவற்றைக் கொண்டு விபசாரம், அவிசுவாசியான துணை விட்டுப் பிரிதல் ஆகிய விலக்குகளைப் பலர் ஏற்கின்றனர். மறுமணம் குறித்துக் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை, திருத்தத்துக்கு முந்தைய 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம் பெண்ணுக்கு வெளிப்படையான அநீதி இழைத்தது. கணவனுக்கு மனைவியின் விபசாரம் ஒன்றே போதுமானதாக இருந்தது. மனைவியோ பெரும்பாலும் கணவனின் விபசாரத்துடன் கொடுமை அல்லது கைவிடுதலையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மாவட்ட நீதிமன்றம் மணமுறிவு வழங்கினாலும் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய வேண்டியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004இல்தான் திறக்கப்பட்டது என்பதால், கம்பத்துப் பெண்ணின் வழக்கும் சென்னைக்கே போனது. 1995இல் கேரள உயர் நீதிமன்றம் மேரி சோனியா சக்கரியா வழக்கில் மணமுறிவுக் காரணங்களில் இருந்த ஆண்–பெண் பாகுபாட்டை நீக்கியது. 2001 திருத்தம் இருபாலருக்கும் பொதுவான காரணங்களை வகுத்து, இருவரின் இசைவுடனான மணமுறிவையும் சேர்த்து, உறுதிசெய்யும் நடைமுறையை ஒழித்தது. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி, ஆலயத்தில் நடந்த மணமும் அரசிடம் பதியப்பட வேண்டும்.