கட்டையில கோளாறா, கோல்ல கோளாறா?

போன வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. ரொம்ப நாளாத் தள்ளிப்போட்ட வேலை ஒன்னை எடுத்தேன். அப்பாவோட சாத்தம் போட்டோக்களை எல்லாம் ஒரு புது ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்தினேன்.

அந்தமான்ல சாத்தம்னாலே மர ஆலைதான். 1883-ல ஆரம்பிச்சது. ரெண்டாம் உலகப் போர்ல குண்டு விழுந்த பள்ளம் இன்னும் ஆலைக்குள்ளேயே இருக்கு. அப்பா அங்கே மரம் அளக்கிற வேலையில இருந்தார். அவர் போனப்புறம் எங்களுக்கு மிஞ்சினது இந்தப் படங்கள்தான்.

புதுப் பொட்டியில ஃபார்மட் செஞ்ச டிஸ்க்கைப் பழைய லேப்டாப்புல சொருகி, லினக்ஸோட ஈ2எஃப்எஸ்சிகே சோதனைக் கருவியை ஓட்டினேன். "இதுல எனக்குத் தெரியாத அம்சம் இருக்கு, என்னைவிடப் புதுப் பதிப்பைக் கொண்டா"ன்னு சொல்லிட்டு நின்னுடுச்சு. பக்னு ஆயிடுச்சு. பழைய பிரதியில பாதியை அழிச்சாச்சே! தங்கமணி வேற பின்னாடி நின்னு "போச்சா?"ங்கறாங்க. ஆனா படங்களைத் திறந்தா எல்லாமே ஜம்முனு திறக்குது. அப்போ சோதனை மட்டும் ஏன் ஃபெயில்?

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். லினக்ஸுக்குன்னே எழுதின முதல் கோப்பு முறைமை எக்ஸ்ட். 1992-ல ரெமி கார்ட் எழுதினார். 1993-ல எக்ஸ்ட்2, 2001-ல எக்ஸ்ட்3, 2008-ல எக்ஸ்ட்4. பழைய வீட்டு மேலேயே மாடி எடுத்த கதை. அதனால எக்ஸ்ட்2 காலத்துலயே டிஸ்க்குல மூணு வகை அடையாளம் வச்சாங்க. 'தெரியலைன்னாலும் படி, எழுது'ன்னு ஒன்னு, 'படிக்க மட்டும் செய்'னு ஒன்னு, 'தொடவே தொடாதே'ன்னு ஒன்னு.

ஆனா இந்தச் சலுகை கெர்னலுக்குத்தான், பழுது பார்க்கிற கருவிக்கு இல்லை. தெரியாத ஒன்னைத் தப்புன்னு நினைச்சு அது 'சரி' பண்ணிட்டா? அதனால எந்த வகையா இருந்தாலும், தெரியாத அடையாளத்தைப் பார்த்தா அது கை வைக்காது.

2023 பிப்ரவரியில வந்த 1.47.0 பதிப்பு, எக்ஸ்ட்4 ஃபார்மட் செய்யும்போது 'ஆர்ஃபன் ஃபைல்'ங்கற அம்சத்தைத் தானாவே சேர்க்க ஆரம்பிச்சது. அது முதல் வகை. அதனால பழைய கெர்னல் டிஸ்க்கைத் திறந்தது, பழைய சோதனைக் கருவி மறுத்தது. ரெண்டுமே செஞ்சது சரிதான்!

லேப்டாப்புல கருவியைப் புதுசாக்கி மறுபடி ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை.

1956-ல மெட்ரிக் சட்டம் வந்தப்புறமும் மர வியாபாரத்துல கன அடி போகலை. ஒருத்தர் அடியில சொல்லுவார், இன்னொருத்தர் மீட்டர்ல அளப்பார், கணக்கு இடிக்கும். "உடனே கட்டையை அறுத்துடாதே, முதல்ல கோலைப் பாரு"ம்பார் அப்பா.

உங்க வீட்டு டிஸ்க்கும் இப்படி மிரட்டினா, அவசரப்பட்டு ஃபார்மட் பண்ணிடாதீங்க. முதல்ல கருவியோட பதிப்பு நம்பரைப் பாருங்க. சாத்தம் படங்கள் இப்போ ரெண்டு டிஸ்க்குல பத்திரமா இருக்கு :-)