சேபர்

சேபர் என்பது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் ஐ.பி.எம்.முடன் சேர்ந்து உருவாக்கிய விமான முன்பதிவுக் கணினி அமைப்பு. 1960-இல் சோதனையாகத் தொடங்கி, 1964-இல் அந்த நிறுவனத்தின் முன்பதிவு முழுவதையும் ஏற்றுக்கொண்டது. ஒரு தகவல் அமைப்பு கணக்குப் பார்ப்பதோடு நிற்காமல் போட்டியாளரை மடக்கவும் பயன்படும் என்பதற்கு மேலாண்மை வகுப்புகளில் இன்றும் சொல்லப்படும் உதாரணம் இது. நம் ரயில் டிக்கெட்டில் இருக்கும் ‘பி.என்.ஆர்.’ என்ற பெயரும் விமான முன்பதிவுக் கணினிகளின் வழக்கிலிருந்து வந்ததுதான்.

கணினிக்கு முன்பு முன்பதிவு அறையின் நடுவில் ஒரு சுழல் அடுக்கு இருந்தது. அதில் விமானத்துக்கு ஓர் அட்டை. சுற்றிலும் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். தொலைபேசியில் கேட்பவருக்காக அடுக்கைச் சுழற்றி, அட்டையை உருவி, இடம் இருந்தால் ஒரு குறி போட்டுவிட்டுத் திரும்பச் செருக வேண்டும். ஒரு பதிவு முழுதாக முடிய சராசரியாக 90 நிமிடம் ஆயிற்று. விமானங்கள் பெருகிக்கொண்டே போயின. அடுக்கைச் சுற்றி ஒன்பதாவது நாற்காலி போட இடமில்லை.

1953-இல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் போன விமானம் ஒன்றில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி. ஆர். ஸ்மித்தும் ஐ.பி.எம். விற்பனையாளர் பிளேர் ஸ்மித்தும் அடுத்தடுத்த இருக்கைகளில் அமர நேர்ந்தது. பெயர் ஒன்றாக இருந்ததில் பேச்சு தொடங்கியது. ஐ.பி.எம். அப்போது அமெரிக்க விமானப் படைக்காக ‘சேஜ்’ என்ற வான்பாதுகாப்பு அமைப்பில் ஈடுபட்டிருந்தது. தொலைவில் உள்ள முனையங்களைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஒரு மையக் கணினியோடு இணைத்து, கேட்ட உடனே பதில் தரும் அதன் வழிமுறை இருக்கை விற்கவும் பொருந்தியது. நியூயார்க் மாநிலத்தின் பிரையர்கிளிஃப் மேனரில் இரண்டு ஐ.பி.எம். 7090 கணினிகள் நிறுவப்பட்டன. செலவு சுமார் 4 கோடி டாலர். தொண்ணூறு நிமிட வேலை சில விநாடிகளுக்கு இறங்கியது.

இதுவரை நடந்தது செலவுக் குறைப்பு மட்டுமே. போட்டி விமான நிறுவனமான யுனைடெட்டும் 1971-இல் ‘அப்பல்லோ’ என்ற தன் முன்பதிவு அமைப்போடு வந்து சேர்ந்துகொண்டது. ஆட்டத்தை மாற்றியது 1976-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் எடுத்த முடிவு: சேபர் முனையத்தைப் பயண முகவர்களின் மேசைக்கே கொண்டுபோனது. சந்தைப்படுத்தலைக் கவனித்த ராபர்ட் கிராண்டலும் கணினிப் பிரிவின் மேக்ஸ் ஹாப்பரும் இதன் பின்னால் இருந்தவர்கள். முகவர் ‘1’ என்று தட்டி, தேதி, புறப்படும் ஊர், சேரும் ஊர், நேரம் எல்லாவற்றையும் இடைவெளியில்லாமல் அடித்தால் திரையில் விமானங்கள் வரிசையாக விழும். இந்தச் சுருக்கெழுத்துக்குக் கை பழகியவர், அதுவும் பல ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர், லேசில் வேறு கணினிக்கு மாறமாட்டார்.

திரையில் எல்லா நிறுவனங்களின் விமானங்களும் இருந்தன. எது முதல் வரியில் வரும் என்பதை முடிவு செய்தது மட்டும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ். 1982-இல் அந்த நிறுவனமே ஆராய்ந்து பார்த்ததில், முகவர்கள் தேர்ந்தெடுத்த விமானம் பாதிக்கு மேல் முதல் வரியிலும், 92 சதவீதம் முதல் திரையிலும் இருந்தது தெரிந்தது. இரண்டாம் திரைக்குப் போன விமானம் கடையின் பின்கட்டில் கிடக்கும் சரக்குதான். நியூயார்க்–டெட்ராய்ட் தடத்தில் தன் விமானங்கள் அடிக்குத் தள்ளப்பட்டதாக நியூயார்க் ஏர் என்ற சிறு நிறுவனம் புகார் சொன்னது. அமெரிக்க நாடாளுமன்றக் குழு கேட்டபோது கிராண்டல் மழுப்பவில்லை. தங்கள் விமானங்களுக்கு முன்னிடம் கிடைப்பதற்காகத்தானே இந்த அமைப்பையே கட்டினோம் என்ற பொருளில் பதில் சொன்னார். அந்த வெளிப்படைத்தன்மைக்காக அவரைப் பாராட்டலாம், நியாயத்துக்காக அல்ல. 1984-இல் விமானத் துறையை ஒழுங்குபடுத்திய அரசு அமைப்பான சிவில் ஏரோநாட்டிக்ஸ் வாரியம் இந்தப் பாரபட்ச வரிசையைத் தடை செய்தது.

தடையால் சேபரின் பலம் தீர்ந்துவிடவில்லை. போட்டி நிறுவனங்கள் தங்கள் டிக்கெட் சேபரில் விற்கும்போதெல்லாம் கட்டணம் கட்டின. அதைவிடப் பெரியது, அதற்குள் குவிந்திருந்த பதிவு விவரம். விமானம் கிளம்பிய பிறகு காலி இருக்கை, சாயங்காலம் தாண்டி மிஞ்சிய மல்லிகைப் பூ மாதிரி, காசு தேறாது. எந்தத் தடத்தில், எந்த நாளில் எத்தனை இருக்கை கடைசிவரை மிஞ்சும் என்பதைப் பழைய பதிவுகளிலிருந்து கணித்து, அத்தனையை மட்டும் மலிவாக முன்கூட்டியே விற்று, மீதியை அவசரமாகப் பறக்கும் வியாபாரிகளுக்கு முழு விலையில் வைத்திருந்தது அமெரிக்கன். 1985 ஜனவரியில் அறிவித்த ‘அல்டிமேட் சூப்பர் சேவர்’ கட்டணம் இந்தக் கணக்கில் எழுந்ததே. மலிவு விலையை மட்டும் நம்பியிருந்த, இப்படிப்பட்ட கணினி வசதி இல்லாத பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற விமான நிறுவனம் அதைத் தாங்க முடியாமல் அடுத்த ஆண்டே விலைபோனது. என் பார்வையில் சேபரின் உண்மையான வெற்றி இதுதான்; முதல் வரியைச் சட்டம் பறிக்கலாம், இந்தக் கணிப்பைப் பறிக்க முடியாது.

ஆனால் அதே வித்தை மறுமுறை பலிக்கவில்லை. விடுதி, வாடகைக் கார் முன்பதிவுகளை ஒன்றாக்க மேரியட், ஹில்டன், பட்ஜெட் நிறுவனங்களோடு அமெரிக்கன் 1988-இல் தொடங்கிய ‘கன்ஃபர்ம்’ திட்டம், 12.5 கோடி டாலரை விழுங்கிவிட்டு 1992-இல் கைவிடப்பட்டது. இடையில் 1990-இல் ஹாப்பரே ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில், கணினி அமைப்பை வைத்திருப்பதாலேயே முந்தும் காலம் முடிகிறது, எல்லோருக்கும் கிடைக்கும் கருவியை யார் நன்றாகப் பயன்படுத்துகிறார் என்பதே இனி வித்தியாசம் என்று வாதிட்டு எழுதினார்.

இணையம் வந்தபோது, 1996-இல், சேபர் ‘டிராவலாசிட்டி’ தளத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு அதன் பங்குகள் பொதுச் சந்தைக்கு வந்தன. 2000-இல் தாய் நிறுவனத்திடமிருந்து முழுதாகப் பிரிந்தது. திரை வரிசை பற்றிய அமெரிக்க அரசு விதிகளும் 2004-இல் காலாவதியாயின. 2011 ஜனவரியில், டிக்கெட் விற்பனை முறை பற்றிய தகராறில், சேபர் தன் திரையில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானங்களைக் கீழே இறக்கியது. தன்னைப் பின்னுக்குத் தள்ளுவது அநியாயம் என்று அமெரிக்கன் டெக்சாஸ் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கியது. வழக்கு 2012-இல் சமரசத்தில் முடிந்தது.