பனியன் வேஸ்ட்

பின்னலாடைக்குத் துணி வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளைத் திருப்பூர் வட்டாரத்தில் பனியன் வேஸ்ட் என்பார்கள். கட்டிங் வேஸ்ட் என்றும் பெயருண்டு. மேசையில் துணியைப் பல அடுக்காக விரித்து முன்பாகம், பின்பாகம், கை என வெட்டி எடுத்தபின், கழுத்து வளைவிலும் அக்குள் வளைவிலும் வெட்டுப்பட்ட துணி ஒதுங்கிவிடுகிறது. கட்டிங் மாஸ்டர் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் இதை முழுக்கத் தவிர்க்க முடியாது.

கொஞ்சம் பெரிய துண்டுகளில் குழந்தைகளுக்கான உள்ளாடை தைப்பார்கள். சிறியவை பட்டறைகளுக்கும் அச்சகங்களுக்கும் எண்ணெய் துடைக்கப் போகின்றன. பருத்தி எண்ணெயை நன்றாக உறிஞ்சும்.

பெரும்பயன் நூற்பாலையில்தான். துண்டுகளை முள் பதித்த உருளைகளில் கிழித்து மறுபடி பஞ்சாக்குகிறார்கள். கிழிபட்ட இழை குட்டையாகிவிடுவதால் வழக்கமான ரிங் ஸ்பின்னிங்கில் அதை நல்ல நூலாக்குவது கடினம், ஓ.இ. மில் எனப்படும் ஓபன் எண்ட் ஆலைகளுக்கு அது ஏற்றது. ஓபன் எண்ட் முறையின் முதல் வெற்றிகரமான வணிக இயந்திரம் 1967இல் செக்கோஸ்லோவாக்கியாவில் வந்த பிடி 200. இந்தத் தடித்த நூலில் போர்வை, மிதியடி, துண்டு போன்றவை நெய்யப்படுகின்றன. கிழிந்த துணியை மீண்டும் நூலாக்குவது பழைய தொழில்தான்: இங்கிலாந்தில் யார்க்சயரின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா 1813இல் கம்பளிக் கந்தலிலிருந்து ‘ஷாடி’ என்னும் துணியை உருவாக்கினார்.

வேஸ்ட்டின் மதிப்பைத் தீர்மானிப்பது நிறம் பிரிக்கும் வேலை. சிவப்பைச் சிவப்போடும் நீலத்தை நீலத்தோடும் சேர்த்து அரைத்தால் நூலே அந்த நிறத்தில் வந்துவிடும், மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. நொய்யல் ஆறு மாசுபட்டதால் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2011இல் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட ஊர் திருப்பூர். அங்கே சாயமே தேவைப்படாத நூல் எவ்வளவு பெரிய வரம்! அந்த நூலுக்கு அடித்தளம், தூசிக்கு நடுவே உட்கார்ந்து துண்டு துண்டாகப் பிரித்துப் போடும் தொழிலாளர்களின் கைவேலை. மில்லுக்குக் கிடைக்கும் பேரில் பாதிகூட அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

லைக்ரா கலந்த துணி கிழிக்கும் இயந்திரத்தில் இழுபட்டுச் சிக்கும். பாலியஸ்டர் கலந்தால் தரமும் விலையும் மாறும். ஒரு முறை கலந்துவிட்டால் கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிப்பது கடினம். ஆகவே வெட்டும் மேசையிலேயே துணி வகைவாரியாகத் தனித்தனி மூட்டை கட்டுவதே சரியான முறை.